குழியும் நாழியும்

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றின் 184-ஆம் பாட்டாக அமைந்துள்ளது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால், ஒரு மாவிற்கும் குறைந்த நிலத்தின் விளைவே யானைக்குப் பல நாள் வரும். நூறு வயலே ஆயினும் யானை தானே தனித்துப் புகுந்து மேயின், அதன் வாயுட் செல்வதினும் காற்கீழ்ப்பட்டு அழிவதே மிகுதியாகும் என்பது அப்பாட்டின் பொருள். அரசன் இறை கொள்ளும் நெறியை உணர்த்துவது என இதனை யாவரும் எடுத்தாள்வர், அது தக்கதே. எனினும் இவ்வுவமை எதன்மேல் நிற்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். யானையின் கால் நிலத்தின் பரப்பிலே செல்கின்றது. அதன் வாயோ கவளத்தின் அளவைக் கொள்கின்றது. பரப்பு ஓர் அளவு. கொள்ளளவு மற்றோர் அளவு. இவ்விரண்டும் வேறு என்பதை அறிந்தான் ஒருவனே இவ்வுவமையைப் படைத்திருத்தல் இயலும். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை ஆவூர் மூலங்கிழார் பாடிய 40-ஆம் பாட்டிலும் இவ்வேறுபாடே அடிநிலையாக உள்ளது. ஒரு பிடியானை படுக்கும் சிறிய இடம் ஏழு களிறுகளைப் புரக்கும் நாடு என்கின்றார் அவர். படுக்கும் இடம் பரப்பு. புரக்கும் உணவு கொள்ளளவு.

புலவர் இவ்வாறு தெளிந்திருந்தும், நம் அளவைச் சொற்களை ஆராயப் புகும் மாணவர் இவ்விரண்டையும் மயக்கிக் கொள்வதைக் காண்கின்றோம். அம்மயக்கத்திற்கு அவர்களை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. சொற்களே அதற்கு இடந்தருகின்றன. நிலத்தை அளக்கும் சொல் சில வேளை பள்ளத்தைக் குறிக்கும். நெல்லை அளக்கும் சொல் சில வேளை நிலத்தைக் குறிக்கும். ஆதலின் கல்வெட்டையும் கணக்கு நூலையும் பயில்வார், பரப்பையும் கொள்ளளவையும் பழந்தமிழர் எவ்வாறு பிரித்துணர்ந்தனர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பிரித்துணர்த்துவது பெரும்பாலும் பெயர்ச்சொல் அன்று. அதனோடு வரும் வினையும் அளக்கும் கருவியுமே என்பது எம் கருத்து. அதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். தொல்காப்பியர் தொகைமரபில் அளவுப்பெயர், நிறைப்பெயர் என இரண்டனைக் கூறி, அவற்றிற்கு மொழிமுதலாகும் எழுத்துகள் ஒன்பது என வரையறுத்தார். உரையாசிரியர் அளவுப்பெயருக்குக் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பனவற்றைக் காட்டினர். இவை அனைத்தும் கொள்கலங்கள். பனை என்பதை அளவாகவும் கா என்பதை நிறையாகவும் ஆசிரியர் தாமே பிரித்துரைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. எனவே தொல்காப்பியத்தில் அளவு என்னும் சொல் வறிதே நின்றவழி முகந்தளக்கும் அளவையே குறித்தது. கோலும் வேலியும் குழியும் அவ்வெடுத்துக்காட்டுகளுள் இல்லை. மா என்பது உண்டு. ஆயின் அது நிறைப்பெயர் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு என்பர். தொல்காப்பிய உரையுள் நிறுத்தல், பெய்தல், சார்த்தல், நீட்டல், தெறித்தல், தேங்க முகத்தல், எண்ணல் என அதனை ஏழாக விரித்தலும் உண்டு. நான்காயினும் ஏழாயினும் பரப்பளவைக்கெனத் தனியே ஒரு பெயர் இல்லாமை வியப்பளிக்கும். கொள்ளளவுக்கோ பெய்தல், தேங்க முகத்தல் என இரண்டு பெயர்கள் உள. இதற்குக் காரணம் காண்டல் அரிதன்று. நாழியை நெல்லில் அமிழ்த்தி எடுப்பவன் கொள்ளளவை நேரே கையில் காண்கின்றான். பரப்பை அவ்வாறு கையில் எடுப்பார் யாருமிலர். கோலை நீளத்தில் ஒருமுறையும் அகலத்தில் ஒருமுறையும் நீட்டி, வந்த இரண்டு எண்களையும் பெருக்கியே அதனை அறிதல் வேண்டும். முகத்தல் கையின் தொழில். பரப்புக் காண்டல் கணக்கின் தொழில். பரப்புக்குரிய பெயர்கள் பிறவிடத்திலிருந்து கடனாக வந்தமையும் இது பற்றியே ஆகலாம்.

அத்தகைய கடன் சொற்களுள் தலையாயது குழி. பள்ளம் என்பது இச்சொல்லின் இயல்பான பொருள். கோலின் நீளத்தை ஒரு பக்கமாகக் கொண்ட சதுர நிலத்திற்கும் அது பெயராயிற்று. பிற்காலத் தஞ்சை வழக்கில் 12 அடிக்கோலால் அளந்த 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இக்கணக்கில் ஒரு மா 33 சென்டு. ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். இனி, கணக்கு நூலார் ஓரெண்ணை அதே எண்ணால் பெருக்கி வந்த தொகையையும் குழி என்றனர். திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் நெட்டுருச் செய்த குழிமாற்றுச் சுவடிகள் இவ்வாறு எழுந்தவையே. முழு எண்களின் பெருக்கம் பெருங்குழி எனவும், பின்னங்களின் பெருக்கம் சிறுகுழி எனவும் வழங்கின. நெல் அளவைக்கோ நெல்லிலக்கம் எனத் தனிச்சுவடி இருந்தது. பரப்புக்கு ஒரு சுவடியும் கொள்ளளவுக்கு ஒரு சுவடியுமாக வைத்துக் கற்பித்த அப்பள்ளிகளின் முறையை இற்றை ஆசிரியரும் எண்ணிப் பார்க்கலாம்.

குழியின் வாயை மட்டும் நோக்கினால் அது பரப்பு; வயிற்றை நோக்கினால் அது கொள்ளளவு. ஏரிப் பேணுகை பற்றிய சாசனங்களைப் படிப்போர்க்கு இவ்விடத்தில்தான் இடர் நேர்கின்றது. உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்ததை முதற் பராந்தகனுடைய 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்களால் அறிகின்றோம். ஏரியில் ஆண்டுதோறும் தூர் எடுத்துக் கரையில் இடும் பணிக்கு ஊரார் நிலமும் பொன்னும் வைத்தனர். இத்தகைய பணியைக் கூறுமிடத்துக் குழி என வருவது தோண்டிய பள்ளமே. அதனை நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி எனக் கொண்டு பெருக்கப் புகுவது பிழை. அதே சாசனத்தில் அப்பணிக்கு விடப்பட்ட நிலம் இத்தனை குழி எனவும் வருதல் கூடும். அங்கு அது பரப்பு. ஒரே கல்லில், ஒரே சொல், இரண்டு பொருள். பிரித்தறிவது எங்ஙனம்? தோண்டுதல், அகழ்தல், குத்துதல் என்னும் வினை வந்தால் குழி பள்ளம். கோலும் எல்லையும் வந்தால் குழி நிலம். கல்லில் வெட்டியவனுக்கும் அதனைக் கேட்ட ஊராருக்கும் இதில் ஐயம் எழுந்திராது. ஐயம் நமக்கு, நாம் சொல்லை அகராதியில் தேடுகின்றோம், அவர் தொடரில் கேட்டனர்.

மா, காணி, முந்திரி என்பன வேறொரு வகை. அவை உண்மையில் பரப்பின் பெயர்களே அல்ல, பின்னங்களின் பெயர்கள். இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. வேலியை முழுமையாகக் கொண்டு அதன் கூறுகளை இப்பெயர்களாற் சுட்டினர். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் நில அளவு முந்திரிக்குக் கீழும், கீழ்முந்திரிக்குக் கீழும் இறங்கிச் செல்கின்றது. ஒரு வேலியில் 52,428,800,000-இல் ஒரு கூறுவரை அங்கே கணக்கிடப்பட்டுள்ளதை அக்கல்வெட்டுகளைப் பதிப்பித்த உல்சு எடுத்துக்காட்டினார். பிற்காலத் தஞ்சை வேலியை அளவாகக் கொண்டு யாம் கணக்கிட்டுப் பார்த்ததில், அக்கூறு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே வருகின்றது. ஓர் எள்ளைக் கிடத்தினால் அது மறைக்கும் இடம் இதனினும் பலமடங்கு பெரிது. சோழர் எள்ளினும் சிறிய நிலத்தையும் அளந்தனர் எனச் சிலர் பெருமை கூறுவர். எந்தக் கோலும் அதனை அளந்திராது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கியும், விளைநிலம் அல்லாதவற்றைக் கழித்தும், வகுத்தும் வருகையில் ஓலையில் எஞ்சிய பின்னம் அது. கணக்கர் அதனைத் தள்ளாது எழுதினர் என்பதே உண்மை, அந்நேர்மையே பெருமைக்குரியது. கொள்ளளவில் இத்தகைய நுண்பின்னங்கட்கு இடமில்லை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி; எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். கீழே செவிட்டோடு கருவி நின்றுவிடுகின்றது. அதன்பின் உள்ளது நெல்மணியே. 360 நெல் ஒரு செவிடு என்பது வாய்பாடு. எனவே ஒரு நாழிக்கு 14,400 நெல். (தஞ்சை மாவும் 14,400 சதுர அடியே. இவ்வொப்புமை தற்செயலாக நேர்ந்தது. இதனைக் கொண்டு நிலத்திற்கும் நெல்லுக்கும் ஒரு மறைபொருள் உறவு காணப் புகுதல் வீண்.)

நிலத்தையும் நெல்லையும் உண்மையாகவே உறவுபடுத்தியது அரசிறை. முதலாம் இராசராசன் காலத்தில் 1001-ஆம் ஆண்டையொட்டி நாடு அளக்கப்பட்டது. முதற் குலோத்துங்கன் 1086-இல் மீண்டும் அளப்பித்தான். தஞ்சைக் கோயிலுக்கு ஊர்கள் செலுத்த வேண்டிய நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட வேண்டும் என்றும், அம்மரக்கால் இராசகேசரி மரக்காலோடு ஒக்கும் என்றும் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவ்வூர்களின் தொகைகளை வகுத்துப் பார்த்த அறிஞர், வேலி ஒன்றுக்கு ஏறக்குறைய நூறு கலம் வருவதைக் கண்டனர். நூறு கலம் என்பது 9,600 நாழி. வேலிக்கு இரண்டாயிரம் குழி எனக் கொண்டால் குழி ஒன்றுக்கு ஐந்து நாழிக்குச் சற்றுக் குறைவு. இக்கணக்கில் இடப்பக்கத்தில் நிற்பது பரப்பு. வலப்பக்கத்தில் நிற்பது கொள்ளளவு. முன்னதற்குக் கோல் கருவி. பின்னதற்கு மரக்கால் கருவி. உழுகுடியின் வாழ்வும் தாழ்வும் இவ்விரு கருவிகளுக்கு இடையே கிடந்தன.

சாசனங்களில் பன்னிருசாண் கோலும் பதினாறுசாண் கோலும் பயில்கின்றன. பன்னிருசாண் கோலின் குழி 144 சதுர சாண். பதினாறுசாண் கோலின் குழி 256 சதுர சாண். முன்னைக் கோலால் பதினாறு குழியாக வந்த நிலம் பின்னைக் கோலால் ஒன்பது குழியாகவே வரும். கோல் நீண்டது மூன்றில் ஒரு பங்கு. குழித்தொகை குறைந்ததோ ஏறத்தாழப் பாதி. குழிக்கு இத்தனை நெல் என விகிதம் மாறாதிருப்பின் பெரிய கோல் குடிகளுக்கு நலம் செய்யும். மரக்காலோ இதற்கு மாறானது. பெரிதாகப் பெரிதாகக் குடிகளுக்குக் கேடு. கேட்டின் அளவும் கண்ணுக்கு எளிதில் புலனாவதன்று. ஒரு மரக்காலின் உயரமும் வாயகலமும் பத்தில் ஒரு பங்கு கூடின எனக் கொள்வோம். பார்ப்பவர்க்குச் சற்றுப் பெரிய மரக்கால் என்ற அளவே தோன்றும். அதன் புறத்தைப் போர்த்தத் தகடு தேவைப்பட்டால் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு மிகுதியாக வேண்டும். அதனுள் அடங்கும் நெல்லோ நூற்றுக்கு முப்பத்து மூன்று பங்கு மிகும். நீளம் ஒருமுறையும், பரப்பு இருமுறையும், கொள்ளளவு மும்முறையும் பெருகுகின்றன என்னும் இவ்வுண்மையை ஏட்டில் எழுதாமலே களத்தில் அறிந்திருந்தனர் நம் முன்னோர். கோலுக்கும் மரக்காலுக்கும் அரசன் பெயரும் இறைவன் பெயரும் இட்டு, எந்தக் கோல், எந்த மரக்கால் என்பதைக் கல்லில் வெட்டச் செய்தமைக்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை. சில ஊர்களில் 256 குழி கொண்டது ஒரு மா எனச் சாசனம் தானே விளக்குவதும் இப்பொருட்டே. இவற்றைக் கருதாது, ஒரு நாட்டில் வேலிக்கு இத்தனை கலம், மற்றொரு நாட்டில் இத்தனை கலம் எனப் பட்டியல் இட்டு, இங்கே வரி கொடிது, அங்கே மெலிது என முடிவு கூறும் ஆய்வுகள் சில உள. கோலும் மரக்காலும் தெரியாதவிடத்து அத்தகைய முடிவு மணலிற் கட்டிய வீடே.

மரக்காலின் பெயர் தெரிந்தாலும் ஐயம் முற்றும் நீங்கிவிடுவதில்லை. தலைதட்டி அளந்தனரா, குவித்து அளந்தனரா என்பது அடுத்த வினா. இவ்விடத்தில் பரப்பும் கொள்ளளவும் ஒரே கலத்தில் வந்து கூடுகின்றன. ஆதலின் இதனைச் சற்று விரித்துரைப்போம். தலைதட்டி அளக்குங்கால் கலத்தின் வயிறு மட்டுமே கணக்கு. குவித்து அளக்குங்காலோ வாயின் பரப்பும் கணக்கில் புகுகின்றது. வாய் அகன்றால் அதன்மேல் நிற்கும் குவியலின் அடியும் அகலும், உயரமும் கூடும். எட்டு விரல் வாயகலமும் எட்டு விரல் உயரமும் உடைய உருளைக்கலம் ஒன்று. பதினாறு விரல் வாயகலமும் இரண்டு விரல் உயரமும் உடையது மற்றொன்று. தலைதட்டி அளந்தால் இரண்டும் ஒத்த அளவே கொள்ளும். குவியலின் உயரம் வாயின் அரைவிட்டத்தில் பாதி எனக் கொண்டு குவித்து அளப்போமாயின், முதற்கலம் தன் கொள்ளளவில் பன்னிரண்டில் ஒரு பங்கே மிகுதியாகத் தரும். இரண்டாவது மூன்றில் இரு பங்கு மிகுதியாகத் தரும். எட்டு மடங்கு வேறுபாடு! தாம்பாளம் போன்ற மரக்காலை யாரும் செய்யார் என்பது உண்மையே. ஆனால் வாய் சிறிது அகன்ற கலத்தைக் கொள்வதற்கும், வாய் சிறிது குவிந்த கலத்தைக் கொடுப்பதற்கும் வைத்துக்கொள்பவன் எந்த ஊரிலும் இருந்திருப்பான். இரண்டு கலமும் தலைதட்டி ஒத்துப் பார்த்தால் ஒன்றாகவே நிற்கும், குற்றம் சுமத்த இயலாது.

வடமொழிப் பொருள்நூலை இயற்றிய கௌடிலியர் இச்சூழ்ச்சியை அறிந்திருந்தார். உலர்ந்த வன்மரத்தால் முகத்தலளவைக் கலங்களைச் செய்க. குவியல் கலத்தின் நான்கில் ஒரு பங்காக இருத்தல் வேண்டும். அல்லது குவியலும் உள்ளடங்குமாறு கலத்தையே செய்க என்பது அவர் விதி. இதனை மேலோட்டமாகப் படிப்பார்க்கு இது குவியலைப் பற்றிய விதியாகவே தோன்றும். ஆயின் ஒரு கூலத்தின் குவியல் தன்னியல்பான சரிவிலேயே நிற்கும். அதனை நாம் விரும்பியபடி உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது. எனவே குவியல் நான்கில் ஒன்றாதல் வேண்டுமெனின், கலத்தின் உயரமும் வாயகலமும் ஒரு குறித்த விகிதத்தில் அமைந்தே தீர வேண்டும். மேலே கொண்ட சரிவின்படி உயரம் வாயகலத்தில் மூன்றில் ஒன்றாக வரும். கொள்ளளவைப் பற்றிய விதி போலத் தோன்றுவது உண்மையில் வாயின் பரப்பைக் கட்டுப்படுத்துகின்றது. 1956-இல் இயற்றப்பெற்ற எடை அளவைச் சட்டத்தின்வழி 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின், படியும் மரக்காலும் கடைவீதியினின்று மெல்ல மறைந்தன; கூலங்களை நிறுத்து விற்கும் வழக்கம் பரவியது. அதனோடு குவியலைப் பற்றிய வழக்காடலும் ஓய்ந்தது.

மூதுரையில் ஔவையார் கூறும் உவமை ஒன்றும் இவ்விடத்திற்கு இயைபுடையது. கடலுள் எவ்வளவு ஆழமாக அமிழ்த்தி முகந்தாலும் ஒரு நாழி நான்கு நாழியாகாது என்பது அதன் கருத்து. நீரின் ஆழமும் பரப்பும் கலத்தின் கொள்ளளவை மாற்றமாட்டா. ஊழைப் பற்றிய செய்யுளாக இதனைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர், அளவையைப் பற்றிய செய்தியாகவும் ஒருமுறை இதனைச் சுட்டிக்காட்டலாம். நீர் குவியாது, ஆதலின் நீரை முகப்பதில் வாயின் சூழ்ச்சிக்கு இடமில்லை. ஔவையார் நெல்லைக் கூறாது கடல்நீரைக் கூறியது பொருத்தமே.

இனி, கொள்ளளவின் பெயரே பரப்புக்கு ஆகும் வழக்கு. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் வயலை மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு எனக் கூறுவர். அவ்வளவு விதை கொள்ளும் நிலம் என்பது பொருள். இதனை இலக்கணத்தார் ஆகுபெயர் என ஒதுக்கிவிடலாம். ஆனால் இது நம் நாட்டிற்கே உரிய வழக்கும் அன்று, கல்லாதார் மயங்கிக் கூறியதும் அன்று. விதைக்கும் கூலத்தின் அளவால் வயலுக்குப் பெயரிடுவதற்குப் பாணினி தனியே ஒரு நூற்பாச் செய்துள்ளார். குப்தர் காலத்து வங்கச் செப்பேடுகளில் குல்யவாபம், துரோணவாபம் என நிலம் அளக்கப்பட்டது. குல்யமும் துரோணமும் முகத்தலளவைகள். பரப்புக்கெனத் தனி அளவை இல்லாத குறையை இவ்வாறு கொள்ளளவைக் கொண்டு நிரப்பினர். ஒரு வகையில் இம்முறை கோலினும் அறிவுடையது எனலாம்; உழவனுக்கு வேண்டுவது நிலத்தின் நீள அகலம் அன்று, அதற்கு இட வேண்டிய விதையும் அதிலிருந்து பெறும் நெல்லுமே. எனினும் இடர் இதில் மிகுதி. வாரி விதைக்கும் நிலம் கொள்ளும் விதை வேறு. நாற்று நடும் நிலத்திற்கு வேண்டும் விதை வேறு. நாற்றுக்கு விதை குறைவாகவே செல்லும். எனவே ஒரு கோட்டை விதைப்பாடு என எழுதிய ஓலை, பயிரிடும் முறை மாறியபின் எவ்வளவு நிலத்தைக் குறித்ததென்பது எல்லைகளைக் கொண்டே தெளியப்படும். ஊர்தோறும் வழக்கால் ஓரளவு நிலைபெற்றபின், விதைப்பாடு விதையோடு தொடர்பற்றுத் தூய பரப்பளவாகவே நின்றுவிட்டது. மரக்கால் என்னும் சொல்லைக் கண்டவுடன் நெல் எனக் கொள்வோர் இத்தகைய ஓலைகளில் விற்பனைப் பொருளையே தவறாக உணர்வர். நிலத்தை விற்றவனை நெல் விற்றவனாக்கிவிடுவர்.

பரப்பையும் உள்ளீட்டையும் வினைச்சொல் பிரித்துக் காட்டும் என முன்னர்க் கூறினோம். அதற்குச் சிறந்த சான்று பொன் வேய்தல். கூரைக்கு ஓலையும் புல்லும் வேய்வர். தில்லை அம்பலத்திற்குப் பராந்தகன் பொன் வேய்ந்தான். திருவரங்கத்திற்குப் பொன் வேய்ந்தமையால் சடாவர்மன் சுந்தரபாண்டியன் பொன்வேய்ந்த பெருமாள் எனப் பெயர் பெற்றான். பொன்னாற் செய்தான் என எவரும் கூறவில்லை. வேய், மெழுகு, பூசு, போர், மூடு, பரப்பு என்பன புறத்தின் வினைகள். முக, பெய், நிரப்பு, அடை, கொள் என்பன அகத்தின் வினைகள். சாணத்தால் வீட்டை மெழுகினாள் எனின் தரையின் பரப்பு நினைவுக்கு வரும். தண்ணீரால் குடத்தை நிரப்பினாள் எனின் குடத்தின் வயிறு நினைவுக்கு வரும். இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், 275-ஆம் நாளில், தஞ்சை விமானத்தின் செப்புத் தூபித்தறியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடத்தைப் பற்றிய கல்வெட்டு இப்பிரிவைக் கணக்கிலும் கடைப்பிடிக்கின்றது. குடத்தின் செம்பு 3,083 பலம் எனத் தனியாகவும், அதன்மேற் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு எனத் தனியாகவும் எழுதப்பட்டுள்ளன. உடலுக்கு ஒரு நிறை, தோலுக்கு ஒரு நிறை. அளவைக் கூறும் அலகுகள்கூட வேறு வேறு. செம்பு பலத்தாலும் பொன் கழஞ்சாலும் நிறுக்கப்பட்டது. கீழே நின்று அண்ணாந்து நோக்குவோர்க்கு அக்குடம் முழுவதும் பொன்னாகவே தோன்றியிருக்கும்; கணக்கரை அத்தோற்றம் மயக்கவில்லை.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைப் பற்றி ஒன்றிரண்டு கூறுதல் ஈண்டு வேண்டும். வட்ட நிலத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் குழி வரும் என்பது அந்நூல் கூறும் விதிகளுள் ஒன்று. அது முற்றிலும் சரியானது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையின் தொகையைக் காணும் விதி பலரும் அறிந்தது. காம்பைச் சுற்றிய சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். புறத்தை எண்ணி அகத்தை அறியும் இம்முயற்சி பொதுவாக நகைப்புக்குரியதாகவே முடியும். ஒரு பெட்டியின் மேற்புறத்தை நோக்கி அதனுள் என்ன உள்ளது எனக் கூறுதல் இயலாது. ஆயினும் பலாவில் ஒரு தனித்தன்மை உண்டு. பல பூக்கள் ஒன்றுகூடி ஆகிய கூட்டுக்கனி அது. தோலில் உள்ள முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் முனை. சூல் கொண்ட பூ சுளையாகின்றது, கொள்ளாதது சடையாகின்றது. எனவே முள்ளுக்கும் சுளைக்கும் உறவு உண்டு என்பதில் பழையோர் பிழைபடவில்லை. காம்பருகே உள்ள முள்ளை மட்டும் கொண்டு, எல்லாப் பழத்துக்கும் ஒரே விகிதம் கூறியதே ஏற்கத்தக்கதன்று. சூல் கொண்ட பூ இத்தனை என முள் கூறமாட்டாது.

இவ்வழக்குகள் ஏட்டோடு ஒழிந்தன எனக் கருத வேண்டா. வீடு கட்டும் கொத்தனார் தளத்தையும் பூச்சையும் சதுரத்தால் கூறுகின்றார். நூறு சதுர அடி ஒரு சதுரம். மணலையும் சல்லியையும் யூனிட்டால் கூறுகின்றார். நூறு கன அடி ஒரு யூனிட். நாள்தோறும் பேசும்பொழுது இரண்டையும் வறிதே அடி என்று சொல்லிவிடுவார். நூறு அடி பூச்சு என்பார், நூறு அடி மணல் என்பார். கேட்கும் சித்தாளுக்கு ஐயமில்லை. பூச்சு பரப்பது, மணல் கொட்டுவது. வீட்டுக்காரர்தாம் பல வேளை மயங்குகின்றார். எத்தனை சதுரம் என்று சொல்லிவிட்டேனே, மணல் எவ்வளவு வேண்டும் எனக் கணக்கிட இன்னும் என்ன தடை என்று கேட்பார். ஒரு யூனிட் மணலை ஓர் அங்குலத் தடிப்பில் பரப்பினால் பன்னிரண்டு சதுரம் மூடும். இரண்டு அங்குலத் தடிப்பில் ஆறு சதுரம் மூடும். ஆதலின் கொத்தனார் விடை கூறுமுன் ஒரு வினாவை எழுப்புவார்: கனம் எவ்வளவு? தடிப்பைக் குறிக்கும் நாட்டு வழக்கான அக்கனமும், கன அடியின் முன்னிற்கும் கணக்கு வழக்கான கனமும் கொத்தனார் வாயில் இன்று ஒரே சொல்லாகவே ஒலிக்கின்றன.